பின்னிணைப்புக்குப் போன எச்சரிக்கை

சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில் ஓர் இரவு, முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி மடிக்கணினியுடன் என் விடுதி அறைக்கு வந்தாள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க அவளுக்கு ஐந்து வாரங்களே எஞ்சியிருந்தன. "அக்கா, உங்க கருவி தப்பா எண்ணுதா, இல்ல நான்தான் தப்பாப் பார்க்கிறேனா?" என்று கேட்டாள். கோப்புகளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "கருவி சரியாகத்தான் எண்ணுகிறது" என்றேன். அது உண்மைதான். ஆனால் அந்த உண்மையால் அவளுக்கு எந்தப் பயனும் இல்லை என்பதையும், தவறு நான் எழுதிய பயனர் கையேட்டில் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள எனக்கு அந்த இரவு முழுவதும் தேவைப்பட்டது.

மென்பொருளுக்கான ஆவணங்களை எழுதும்போது, ஆழமான தொழில்நுட்பச் செய்திகளை எந்த இடத்தில் வைப்பது? கேட்பதற்குச் சிறிய கேள்விதான். இதற்கு நான் முதலில் கண்ட விடை ஒரு மாணவியின் ஆய்வேட்டில் ஓர் இயலைக் கவிழ்த்துவிட்டது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

முதலில் பின்புலத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஹைதராபாத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் திராவிட மொழிகளுக்கான சிறு கருவிகள் சிலவற்றை உருவாக்கிப் பேணிவருகிறோம். அவற்றுள் ஒன்று தரவகக் கருவி. உரைக்கோப்புகளைக் கொடுத்தால் சொற்களைப் பிரித்து நிகழ்வெண் பட்டியல் தரும். வினைமுற்றாயின் பகுதி, இடைநிலை, விகுதி எனப் பிரித்துக் காட்டும். நிரல் எழுதியவர்கள் வேறு சிலர். மொழியியல் படித்தவள் என்பதால் கையேடு எழுதும் பணி என்னிடம் வந்து சேர்ந்தது.

அந்த மாணவியின் ஆய்வுப்பொருள் 'கொள்' என்னும் துணைவினை. 'எழுதிக்கொண்டான்', 'பார்த்துக்கொள்', 'ஒப்புக்கொண்டார்' போன்ற வடிவங்கள் இரு காலகட்டங்களில் எவ்வாறு பயின்றுவருகின்றன என்று அவள் ஒப்பிட்டாள். ஒரு தரவகம் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதிக் கட்டுரைகளால் ஆனது. மற்றொன்று அண்மைக்கால நாளிதழ்ச் செய்திகளால் ஆனது. முதல் தரவகத்தில் 'கொள்' வியக்கத்தக்க அளவு குறைவாகவே தென்பட்டது. அந்த வேறுபாட்டை வைத்து அவள் ஓர் இயலே எழுதிவிட்டாள்: தமிழில் இத்துணைவினையின் பரவல் கடந்த அரை நூற்றாண்டில் விரைவுபெற்றுள்ளது என்பது அவளுடைய கருதுகோள். நன்றாக வாதிடப்பட்ட இயல் அது. நெறியாளரும் பாராட்டியிருந்தார். பிறகு மேற்கோள் ஒன்றைச் சரிபார்க்க அந்தப் பழைய கட்டுரைகளில் ஒன்றைக் கண்ணால் வாசித்தபோது, பக்கத்துக்குப் பக்கம் 'கொண்டு', 'கொள்ள' என்று வந்துகொண்டே இருப்பதைக் கண்டாள். அன்றிரவுதான் என் அறைக்கு வந்தாள்.

காரணம் எழுத்துக் குறியீட்டில் இருந்தது. ஒருங்குறியில் 'கொ' என்னும் எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே அலகாகக் கருதி, ககரத்துக்குப் பின் அந்த ஒற்றைக் குறியீட்டை வைப்பது ஒரு முறை. ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக அடுத்தடுத்து வைப்பது மற்றொரு முறை. ஒருங்குறித் தரம் இவ்விரண்டையும் நிகரானவை என்றே வரையறுக்கிறது. திரையிலும் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆகவே வேறுபாட்டை இங்கே உங்களுக்குக் காட்டவும் இயலாது. ஆனால் பைத்தான் நிரலில் முதலாவதன் நீளத்தைக் கேட்டால் 2 என்றும், இரண்டாவதன் நீளத்தைக் கேட்டால் 3 என்றும் விடை வரும். இரண்டும் சமமா என்று கேட்டால் இல்லை என்று வரும். ஓகாரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதே நிலைதான். இவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் செயலுக்கு இயல்பாக்கம் என்று பெயர். நிரலில் அது ஒற்றை வரி.

பழைய கட்டுரைகள் ஒருங்குறிக்கு முந்தைய குறியாக்கம் ஒன்றில் தட்டச்சு செய்யப்பட்டு, பின்னர் யாரோ எழுதிய மாற்றியின் வழியே ஒருங்குறிக்கு வந்தவை. டிஸ்கி போன்ற அக்காலக் குறியாக்கங்கள் எழுத்துகளைப் பார்வை வரிசையில் சேமித்தன: முதலில் கொம்பு, அடுத்து மெய், அதன்பின் கால். மாற்றி, கொம்பை மெய்க்குப் பின் நகர்த்தியதோடு நிறுத்திக்கொண்டது. கொம்பையும் காலையும் ஒன்றாக்கவில்லை. மாணவி தன் விசைப்பலகையில் தட்டிய 'கொ' ஒற்றைக் குறியீட்டு வடிவம். அத்தரவகத்தின் பெரும்பகுதியில் இருந்தது இரட்டை வடிவம். கருவி தேடியது, கிடைக்கவில்லை, கிடைக்காததை எண்ணவில்லை. பிழைச்செய்தி எதுவும் எழவில்லை. 'பகுக்க இயலாதவை' என்ற பட்டியல் மட்டும் நீண்டிருந்தது. பழந்தமிழ்ச் சொற்கள் மிகுதி என்று அவள் அதைக் கடந்துபோயிருந்தாள். அவள் இடத்தில் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

இவ்வளவும் என் கையேட்டில் இருந்தது. பின்னிணைப்பு நான்கில், 'மேம்பட்ட பயனர்களுக்கு' என்ற தலைப்பின் கீழ், பிழையின்றி, எடுத்துக்காட்டுகளுடன் எழுதியிருந்தேன். அதைத் திறந்து அவளிடம் காட்டினேன். அவள் எரிச்சலின்றி, ஒரு தகவலைச் சொல்வதைப்போல, "நான் மேம்பட்ட பயனர் இல்லையே அக்கா, அதான் அதைப் படிக்கல" என்றாள்.

அந்தப் பகுதி பின்னிணைப்புக்குப் போனதற்கும் ஒரு வரலாறு உண்டு. கையேட்டின் முதல் வடிவத்தில் எழுத்துக் குறியாக்கம்தான் முதல் இயல். பதினோரு பக்கங்கள். அதை அச்சிட்டுக்கொண்டு தமிழாசிரியர்களுக்கான பயிலரங்கு ஒன்றுக்குப் போனோம். மூன்றாம் பக்கத்தைத் தாண்டியவர் எவரும் இல்லை. ஓய்வுபெறும் வயதிலிருந்த பேராசிரியர் ஒருவர் தேநீர் இடைவேளையில் என்னை அழைத்து, "அம்மா, நான் சொல் எண்ண வந்தேன். நீங்கள் என்னைக் கணினி படிக்க உட்கார்த்திவிட்டீர்கள்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சொன்னது நியாயம். ஊர் திரும்பியதும் அவ்வியலைத் தூக்கிக் கடைசியில் வைத்தேன். கருவியை நிறுவுதல், கோப்பை ஏற்றுதல், எண்ணுதல் என்று கையேடு தெளிந்த நீர்போல ஓடியது. அடுத்த பயிலரங்கில் எல்லோரும் அரைமணி நேரத்தில் சொற்பட்டியல் எடுத்துவிட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆய்வகத்தில் ஒருவர் மட்டும் தயங்கினார். மலையாளத்தில் ஆய்வு செய்யும் நண்பர் அவர். மலையாளச் சில்லெழுத்துகளுக்கு 2008-இல் வெளிவந்த ஒருங்குறி 5.1 பதிப்பில்தான் தனிக் குறியீடுகள் கிடைத்தன. அதற்கு முன்பு அவை மெய், சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறி என்ற தொடராகச் சேமிக்கப்பட்டன. பழைய வடிவமும் புதிய வடிவமும் தரத்தின்படி நிகரானவையும் அல்ல. ஆகவே இயல்பாக்கமும் அங்கே கைகொடுக்காது. "இதைப் பின்னால் வைத்தால் யாரோ ஒருவர் அடிபடுவார்" என்று அவர் எச்சரித்தார். "இது ஆழமான விஷயம், தொடக்கநிலை வாசகருக்குத் தேவையில்லை" என்று நான் பதில் சொன்னேன். அவர் மேலே வாதிடவில்லை.

அந்த இரவுக்குப்பின், பிறர் இச்சிக்கலை எவ்வாறு கையாண்டிருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். எனக்குப் பயன்பட்ட மூன்று எடுத்துக்காட்டுகளை மட்டும் இங்கே தருகிறேன்.

முதலாவது, டொனால்ட் குனூத் 1984-இல் வெளியிட்ட 'டெக்ஸ்புக்'. டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளுக்கு அதை உருவாக்கியவரே எழுதிய கையேடு. அதில் கடினமான பத்திகளின் ஓரத்தில், சாலைகளில் நாம் காணும் 'ஆபத்தான வளைவு' அடையாளம் இருக்கும். மேலும் கடினமானவற்றுக்கு இரட்டை வளைவு. முதல் வாசிப்பில் இவற்றைத் தாண்டிச் செல்லலாம் என்று முன்னுரையே அறிவுரை சொல்கிறது. ஆழமான செய்தி தனக்குரிய இடத்திலேயே, அந்தந்தப் பொருளின் அருகிலேயே நிற்கிறது. வேண்டாதவர் விலகிச் செல்ல ஓர் அடையாளம் மட்டும் இருக்கிறது. இந்தக் கையேடு எப்போதும் முழு உண்மையைச் சொல்லாது என்பதையும் குனூத் அதே முன்னுரையில் வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். முதலில் எளிய விதி, விலக்குகள் பின்னர். கற்பதற்கு அதுவே எளிது என்பது அவர் கருத்து. இலக்கணம் கற்பித்த எவரும் இதை மறுக்கமாட்டார்கள்.

ஆனால் குனூத்தின் பொய்க்கு ஒரு பாதுகாப்பு உண்டு. எளிய விதி பொய்த்துப்போனால் பெரும்பாலும் பக்கம் அலங்கோலமாக அச்சாகும், பயனர் அதைக் கண்ணால் பார்ப்பார், கையேட்டைப் புரட்டுவார். என் கையேடும் ஒரு பொய்யைச் சொன்னது: 'கோப்பை ஏற்றுக, எண்ணுக' என்பது எல்லாக் கோப்புக்கும் பொருந்தும் என்ற பொய். அது பொய்த்தபோது எந்த அலங்கோலமும் தோன்றவில்லை. நேர்த்தியான அட்டவணை ஒன்று வந்தது. அந்த அட்டவணையின்மேல் ஓர் இயல் எழுந்தது.

இரண்டாவது, ஸ்காட் சாக்கானும் பென் ஸ்ட்ராபும் எழுதிய 'புரோ கிட்'. கிட் என்னும் பதிப்பு மேலாண்மைக் கருவிக்கான நூல். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 2014-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் கிட்டின் உள்ளமைப்பு பத்தாவது இயலாக, நூலின் கடைசி இயலாக நிற்கிறது. அவ்வியலின் தொடக்கத்தில் ஆசிரியர்கள் தம் தடுமாற்றத்தை மறைக்காமல் எழுதுகிறார்கள். உள்ளமைப்பை அறிவது அடிப்படையானது என்பது அவர்கள் எண்ணம்; தொடக்கநிலையினரை அது குழப்பும் என்று பிறர் சொல்லியிருக்கிறார்கள்; ஆகவே கடைசியில் வைத்திருக்கிறோம், எப்போது படிப்பது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்பது அதன் சாரம். இதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு முதல் இயலைத் திரும்பப் புரட்டினேன். ஒரு கோப்பு மாற்றப்பட்டது, அடுத்த பதிவுக்கெனக் குறிக்கப்பட்டது, பதிவானது என்ற மூன்று நிலைகளில் இருக்கக்கூடும் என்பதை அங்கேயே, இதைக் கவனமாகப் படியுங்கள் என்ற வேண்டுகோளுடன், சொல்லிவிடுகிறார்கள். அதுவும் உள்ளமைப்பைச் சார்ந்த செய்திதான். பொருள்களும் சுட்டிகளும் வட்டில் எவ்வாறு சேமிக்கப்படுகின்றன என்பது மட்டுமே பத்தாம் இயலுக்குப் போயிருக்கிறது. நான் பதினோரு பக்கங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிச் சென்றேன். அவர்கள் மூட்டையைப் பிரித்திருக்கிறார்கள்.

மூன்றாவது மிகச் சிறியது. எனக்கு மிகப் பிடித்ததும் அதுவே. சி மொழியில் 'கெட்ஸ்' என்றொரு செயற்கூறு இருந்தது. பயனர் தட்டும் ஒரு வரியைப் படித்து நினைவகத்தில் வைக்கும். வரி எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. ஒதுக்கிய இடத்தைத் தாண்டியும் எழுதிவிடும். அதனால் பெரும் பாதுகாப்புக் கேடுகள் விளைந்தன. சி மொழியின் 2011-ஆம் ஆண்டுத் தரத்தில் அது நீக்கப்பட்டது. லினக்ஸின் கையேட்டுப் பக்கங்களில் அதற்குரிய பக்கத்தைத் திறந்தால், விளக்கப் பகுதியின் முதல் வாக்கியமே இதை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள் என்கிறது. ஏன் என்பது பக்கத்தின் அடியில், வழுக்கள் என்ற பகுதியில் இருக்கிறது. இடையகம், நினைவக வழிதல் பற்றியெல்லாம் அறியாத மாணவரும் முதல் வாக்கியத்தைப் புரிந்துகொள்வார். அறிய விரும்புபவர் கீழே செல்வார்.

இவற்றையெல்லாம் படித்தபின், என் பிழை இடத்தைத் தேர்ந்ததில் மட்டும் இல்லை என்று தோன்றியது. 'ஆழமானது' என்ற ஒரே அளவுகோலால் பகுத்ததே பிழை. ஒரு செய்தி கடினமானதா எளிதானதா என்பது அதை விளக்கும் எனக்குரிய கவலை. வாசகருடைய கவலை வேறு: இதை அறியாமல் நான் அடுத்த படிக்குச் சென்றால் என்ன ஆகும்? ஆவணங்களைப் பற்றி எழுதும் டேனியல் புரோசிடா தம் 'டயாடாக்ஸிஸ்' என்ற முறையில் ஆவணங்களைப் பயிற்சிப் பாடம், செய்முறை வழிகாட்டி, பார்வைக் குறிப்பு, விளக்கம் என நான்காகப் பிரிக்கிறார். அந்தப் பகுப்பில் 'மேம்பட்டது' என்றொரு பெட்டியே இல்லை என்பதை முன்பு நான் கவனித்ததில்லை. வாசகர் அந்தக் கணத்தில் என்ன செய்ய வந்திருக்கிறார் என்பதே அங்கே அடிப்படை.

எனவே இப்போது ஒவ்வொரு தொழில்நுட்பச் செய்தியையும் கையிலெடுத்து, அறியாதவருக்கு என்ன நேரும் என்று முதலில் கேட்கிறேன். விடை மூன்று வகையாக அமைகிறது. சிலவற்றை அறியாவிட்டால் வேலை மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். பெரிய கோப்புகளைத் துண்டுகளாக ஏற்றுவது இத்தகையது. அது பின்னால் இருக்கலாம். சிலவற்றை அறியாவிட்டால் கருவி நின்றுவிடும், பிழைச்செய்தி வரும். அவற்றுக்கு உரிய இடம் அந்தப் பிழைச்செய்தியே. அதில் ஒரு வரியும் விளக்கத்துக்கு ஓர் இணைப்பும் இருந்தால் போதும். மூன்றாவது வகைதான் கொடியது. அறியாவிட்டாலும் எல்லாம் சரியாக நடப்பதாகவே தோன்றும்; முடிவு மட்டும் தவறாக இருக்கும். இத்தகைய செய்தி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், அந்தத் தவறு நேரும் படியிலேயே அதன் விளைவைச் சொல்லியாக வேண்டும்.

விளைவை மட்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். காரணமும் விளைவும் பிரிக்கத்தக்கவை. குறியாக்கத்தின் வரலாறு, நிகரொப்பு, இயல்பாக்கத்தின் நான்கு வடிவங்கள் ஆகியவை காரணம், பதினோரு பக்கம். 'உங்கள் எண்ணிக்கை குறைவாக வரும்' என்பது விளைவு, ஒரு வரி. பயிலரங்கில் வந்த பேராசிரியர் வெறுத்தது காரணத்தை. மாணவிக்குத் தேவைப்பட்டது விளைவு. இருவரையும் ஒரே பக்கத்தில் நிறைவுசெய்ய முடியும் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

இதில் எனக்கு வெட்கம் தரும் செய்தி ஒன்று உண்டு. நூலை அமைக்கும் முறைபற்றித் தமிழ் இலக்கண மரபு நுணுக்கமாகப் பேசியிருக்கிறது. நான் அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவள். நன்னூலின் சிறப்புப் பாயிர இலக்கணம், ஒரு நூலுக்கு முன்னே சொல்லப்பட வேண்டிய எட்டுச் செய்திகளைப் பட்டியலிடுகிறது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள் ஆகியவற்றோடு கேட்போரும் பயனும் அதில் அடக்கம். யார் கேட்க எழுதப்பட்ட நூல் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் கையேட்டின் முதல் பக்கத்தில் பதிப்பு எண் இருந்தது, உரிமம் இருந்தது, கேட்போர் இல்லை. கேட்போரைப் பின்னிணைப்பின் தலைப்பில் அறிமுகப்படுத்தி, அங்கேயே பெரும்பாலோரை வெளியே நிறுத்திவிட்டேன்.

அதே நூல் கூறும் முப்பத்திரண்டு உத்திகளுள் 'உரைத்தும் என்றல்', 'உரைத்தாம் என்றல்' என இரண்டு உண்டு. பின்னர் உரைப்போம் என்று முன்னே குறிப்பது ஒன்று; முன்னரே உரைத்தோம் என்று பின்னே நினைவூட்டுவது மற்றொன்று. தொல்காப்பியத்தின் மொழிமரபில் இதற்கு அழகான எடுத்துக்காட்டு இருக்கிறது. குற்றியலிகரம் தனிச்சொல்லில் எங்கே வரும் என்று கூறியவுடனே, சொற்கள் புணரும் இடத்திலும் அது வருவதுண்டு என்று சுட்டி, விளங்கக் கூறுவது பின்னால் வரும் என்று ஆசிரியர் நகர்ந்துவிடுகிறார். விரிவு குற்றியலுகரப் புணரியலில் இருக்கிறது. மொழிமரபைப் படிக்கும் மாணவருக்குப் புணர்ச்சி விதிகள் இன்னும் தெரியாது. ஆயினும் இப்படி ஒன்று உண்டு என்பதை அவர் அறியாமல் அடுத்த நூற்பாவுக்குச் செல்ல ஆசிரியர் விடவில்லை. என் பின்னிணைப்பு நான்கைச் சுட்டும் ஒரு வரிகூட என் கையேட்டின் முதன்மைப் பகுதியில் இல்லை. எல்லாவற்றையும் உரைத்திருந்தேன், 'உரைத்தும்' என்று மட்டும் எங்கும் சொல்லவில்லை.

கையேட்டைத் திருத்தி எழுதினேன். 'மேம்பட்ட' என்ற சொல்லை நீக்கினேன். பெயரெச்சத்தின் வேலையை மொழியியல் மாணவர்கள் அறிவார்கள்: 'மேம்பட்ட பயனர்களுக்கு' என்ற தலைப்பில் அந்த அடை செய்தியை விட்டுவிட்டு மனிதரைப் போய் ஒட்டிக்கொள்கிறது. தன்னடக்கம் உள்ளவர்கள் உடனே விலகிவிடுகிறார்கள். இப்போது அப்பகுதியின் தலைப்பு 'எழுத்துகள் சேமிக்கப்படும் முறை' என்பது. அது ஆறாம் இயலாக நிற்கிறது. இரண்டாம் படியான 'கோப்பை ஏற்றுதல்' பகுதியில் நான்கு வாக்கியங்களைச் சேர்த்தேன்: "உங்கள் கோப்பு பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்டதாயின், எண்ணத் தொடங்கும் முன் இயல்பாக்கம் செய்யுங்கள். செய்யாவிட்டால் ஒகர, ஓகார, ஔகாரம் ஏறிய எழுத்துகளைக் கொண்ட சொற்கள் விடுபடலாம். கருவி பிழைச்செய்தி எதுவும் காட்டாது. காரணத்தை ஆறாம் இயலில் காண்க."

இத்துடன் நின்றிருந்தால் பாதி வேலைதான். நிரல் எழுதும் நண்பர்கள், "இவ்வளவு முக்கியமென்றால் கருவியே அதைச் செய்துவிடலாமே" என்றார்கள். அது சரியான கேள்வி. சில செய்திகளுக்கு உரிய இடம் ஆவணமே அல்ல, நிரல்தான். ஆனால் பயனருக்குத் தெரியாமல் உரையை மாற்றுவதற்குப் பதிப்புப் பணி செய்பவர்கள் உடன்பட மாட்டார்கள். அவர்களுக்கு மூலக்கோப்பு உள்ளபடியே வேண்டும். ஒரு வாரம் விவாதித்து ஒரு நடுவழி கண்டோம். கோப்பில் இரட்டை வடிவம் இருந்தால் கருவி அதைச் சொல்லும். எண்ணுவதற்கு மட்டும் இயல்பாக்கம் செய்யட்டுமா என்று கேட்கும். மூல உரையைத் தொடாது. அப்போதும் எஞ்சி நிற்பவை உண்டு. 'வௌவால்' என்பதைப் பலர் கொம்பும் ளகரமுமாக 'வெளவால்' என்று தட்டச்சு செய்கிறார்கள். ஔகாரக் குறியின் வலப்பாதியும் ளகரமும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும், ஒருங்குறியில் அவை தொடர்பற்ற வெவ்வேறு எழுத்துகள். இயல்பாக்கம் இதைத் தொடாது. இதைக் கையேடுதான் சொல்ல வேண்டும், சொல்கிறது.

இம்முறையிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. கருவியை உருவாக்கிய ஒவ்வொருவருக்கும் தமக்குப் பிடித்தமான ஓர் எச்சரிக்கை உண்டு. எல்லாவற்றையும் முன்னே சேர்த்தால் கையேடு மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளாகிவிடும். எல்லாம் எழுதியிருக்கும், எவரும் படிக்கமாட்டார்கள். பேராசிரியர் மறுபடியும் மூன்றாம் பக்கத்தில் மூடிவைத்துவிடுவார். அதனால் ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டோம்: ஓசையின்றி முடிவை மாற்றுவது மட்டுமே படிகளுக்குள் வரலாம். இப்போதைக்கு அப்படி நான்கு எச்சரிக்கைகள் உள்ளன. ஐந்தாவதைக் கொண்டுவருபவர், அறியாத ஒருவர் எவ்வாறு தவறான எண்ணைப் பெறுவார் என்பதை எங்கள் கண்முன் செய்துகாட்ட வேண்டும்.

மாணவியின் கதையையும் முடித்துவிடுகிறேன். இயல்பாக்கம் செய்து மறுபடி எண்ணியபோது இரு தரவகங்களுக்கும் இடையிலிருந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. அதனுடன் கருதுகோளும் போயிற்று. மூன்று வாரத்தில் அந்த இயலை அவள் புதிதாக எழுதினாள். முந்தைய இயலின் வாதத்தை நான் இன்றும் விரும்புகிறேன். அது உண்மையாக இருந்திருக்கலாம் என்றுகூட மனம் ஏங்குகிறது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "வாய்மொழித் தேர்வுல கண்டுபிடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சுப் பாருங்க அக்கா" என்றாள். அவளுடைய ஆய்வேட்டில் எழுத்துக் குறியாக்கம் பற்றிய பத்தி ஆய்வுமுறை இயலின் முதல் பக்கத்தில் இருக்கிறது. அதுவே அதற்கு உரிய இடம்.

திருத்திய கையேட்டை முதலில் வாசிக்க அவளிடம்தான் கொடுத்தேன். ஆறாம் இயலின் தொடக்கத்தில் 'இதை எளிதாகப் புரிந்துகொள்ளலாம்' என்று எழுதியிருந்தேன். அவள் அந்த வாக்கியத்தை மட்டும் அடித்துவிட்டுத் திருப்பித் தந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நண்பர்களுள் பலர் கருவிகளுக்கும் தரவகங்களுக்கும் கையேடு எழுதுகிறீர்கள். இன்னும் பலர் அவற்றை நம்பி ஆய்வு செய்கிறீர்கள். நீங்கள் பயன்படுத்தும் கருவியில், எந்தச் செய்தியைக் கடைசிப் பக்கத்தில் தாமதமாகக் கண்டீர்கள்? அது எந்தப் படியில் இருந்திருக்க வேண்டும்? எழுதுங்கள். அடுத்த பதிப்புக்கு முன் எங்கள் கையேட்டை அந்தக் கண்ணோடு இன்னொரு முறை பார்க்க வேண்டியிருக்கிறது.